சி பிளாக் லிஃப்ட் வரலாறு ஆன விதம்

ஊரில் உள்ள லிஃப்டுகளில் பாதியாவது அந்த மெக்கானிக்கின் கை பட்டவை. ஆஸ்பத்திரியோ, வங்கியோ, மூன்று மாடித் துணிக்கடையோ, எங்கே லிஃப்ட் முரண்டு பிடித்தாலும் அவருக்குத்தான் போன் வரும். அவர் குடியிருந்தது நகராட்சிக் குடியிருப்பில், சி பிளாக்கில், ஐந்தாவது மாடியில். அந்த பிளாக்கின் லிஃப்ட் ஒன்பது வருஷமாக ஓடவில்லை.

இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாதவர்கள் குடியிருப்பில் யாரும் இல்லை. முதல் இரண்டு வருஷம் அவரும் விளக்கம் சொல்லிப் பார்த்தார். லிஃப்ட் நகராட்சியின் சொத்து. மொட்டை மாடியில் இருக்கும் மிஷின் ரூமின் சாவி நகராட்சியிடம் இருக்கிறது. நகராட்சி நியமித்த ஆள்தான் அதைத் தொடலாம். நகராட்சி இன்னும் ஆளை நியமிக்கவில்லை. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே?" என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து அவர் விளக்கத்தைக் கைவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நூற்றிரண்டு படிகளையும் வாய் திறக்காமல் ஏறினார்.

அவர் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்ததும் அந்த மௌனம் செல்லுபடியாகாமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கம்பக்கத்தார் நான்கு பேர் அந்த அம்மாளை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மூன்றாவது மாடியில் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கியபோது அவர்களில் ஒருவர், "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்னு சொன்னீங்க?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

சமதளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், படி மட்டும் மூன்று மாதத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் வேலை பார்த்தது மேலே சொன்ன துணிக்கடையில், வாங்கிய துணியை ஆள் அளவுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆல்ட்டரேஷன் பகுதியில். பதினெட்டு வருஷமாக ஜன்னலோரத்து மிஷின் அவருடையது. கடை முதலாளி இரண்டு மாதம் லீவு கொடுத்தார். ஒண்ணாந்தேதி வராவிட்டால் அந்த மிஷினில் வேறு ஆளை உட்காரவைப்பதாகவும் சொல்லிவிட்டார். கடைக்குள் லிஃப்ட் இருந்தது. அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் அவருடைய கணவர்தான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் அந்த அம்மாள் சொன்னார்: "ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் ஏத்தி இறக்கறீங்க. கட்டினவளை மட்டும் மேல ஏத்திட்டு அப்படியே விட்டுட்டீங்க."

மெக்கானிக் மறுநாள் காலையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

'பழுது மற்றும் புகார்' என்று பலகை தொங்கிய ஜன்னலுக்கு மேலே இப்போது 'உள்ளூர் வரலாறு மற்றும் நினைவுகள்' என்று தொங்கியது. பலகை மட்டும் புதிது. ஜன்னலும், ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாளும், அவரைச் சுற்றியிருந்த ஃபைல்களும் பழையபடியே இருந்தன. நடந்தது இதுதான். குடியிருப்பு கட்டி நாற்பது வருஷம் ஆவதை ஒட்டி, அதன் வரலாற்றையும் வசதிகளையும் பற்றி ஒரு நூல் வெளியிடுவதென்று நகராட்சி தீர்மானித்திருந்தது. ஆதாரம் தேடியபோது, குடியிருப்பைப் பற்றி எழுத்தில் இருப்பவை புகார் மனுக்கள் மட்டுமே என்று தெரியவந்தது. ஆகவே புகார்ப் பிரிவையே வரலாற்றுப் பிரிவாக மாற்றிவிட்டார்கள். இத்தனை வருஷமாக மனுக்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள், ஒரு வெள்ளிக்கிழமை மாலை எழுத்தராக வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை காலை வரலாற்று அலுவலராக வந்து உட்கார்ந்தார்.

லிஃப்ட் விஷயமாகப் புகார் கொடுக்க வந்ததாக மெக்கானிக் சொன்னார். எத்தனை வருஷமாக ஓடவில்லை என்று அலுவலர் கேட்டார். ஒன்பது என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப அது புகார் இல்லீங்க. அஞ்சு வருஷம் வரைக்கும்தான் புகார். அதுக்கு மேல போயிட்டா மரபு."

"அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கறதை யார் பாப்பாங்க மேடம்?"

"பழுதுப் பிரிவு."

"அது எங்க இருக்கு?"

"அதுல இருந்தவங்க எல்லாரும் இப்ப இங்கதான் இருக்கோம்." அவர் குரலில் ஆறுதல் இருந்தது. "ஜனங்க பொறுமையா இருந்தாங்கன்னா எல்லாமே எங்ககிட்ட வந்துடும். பி பிளாக் தண்ணிக் குழாய்க்கு இன்னும் ஒரு மாசந்தான் பாக்கி."

பிறகு அவர் 'நினைவுப் படிவம்' ஒன்றை எடுத்தார். லிஃப்ட் ஓடிய காலத்தில் அதில் போகும்போது மனதில் என்ன தோன்றியது என்பது முதல் கேள்வி. ஐந்தாவது மாடிக்குப் போகிறோம் என்று தோன்றியதாக மெக்கானிக் சொன்னார். அலுவலர் 'உயர்வு குறித்த நம்பிக்கை' என்று எழுதிக்கொண்டார். நின்றுபோன அன்று என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, ரிலே போயிருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். ரிலே என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாமான் என்றதும், அலுவலர் சற்று ஏமாற்றத்தோடு அந்த இடத்தைக் காலியாக விட்டார். படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர் நினைவு நல்ல நிலையில் பாதுகாக்கப்படும் என்று உறுதி சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் அலுவலரும் இரண்டு உதவியாளர்களும் அளவு நாடா, காமிராவுடன் குடியிருப்பின் வசதிகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். லிஃப்டைப் பற்றி யாராவது ஏதாவது செய்வார்களா என்ற சபலத்தில் மெக்கானிக்கும் கூடவே போனார்.

சமுதாயக் கூடத்துக்கு என்று ஒதுக்கிய இடத்தில் மூன்று அடிக்கற்கள் இருந்தன. மூன்று தலைவர்கள் மூன்று காலத்தில் நாட்டியவை. கூடம்தான் வரவில்லை. அலுவலர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அதை 'அடிக்கல் பூங்கா' என்று பதிவு செய்தார். நான்காவது கல்லுக்கு இடம் இருப்பதையும் அளந்து குறித்துக்கொண்டார். நீச்சல் குளத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. ஒரு தவளை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. 'பயன்பாட்டில் உள்ளது' என்று உதவியாளர் எழுதினார். நூலகம் என்பது காவலாளி அறைக்குள் இருந்த ஓர் இரும்பு அலமாரி. சாவி தொலைந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. உதவியாளர் அலமாரியை லேசாக ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ நகர்ந்தது. நூல்கள் இருப்பதற்கான வலுவான அறிகுறி என்று அது நூலில் இடம்பெற்றது.

லிஃப்ட் முன்னால் வந்ததும் மூவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பழைய காலத்து லிஃப்ட். மடக்கி இழுக்கும் கம்பிக் கதவு, உள்ளே மரப் பலகை. தரைத்தளத்தில், தரைக்கு அரை அடி மேலே, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையில் நின்றுகொண்டிருந்தது. அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குடியிருப்பில் எந்த மாற்றமும் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்கும் ஒரே வசதி இதுதான் என்றார்.

இரண்டு நாளில் லிஃப்டைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். 'தொடாதீர்கள். இது தானாகவே நின்றது' என்று ஒரு பலகை வந்தது. பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளியும் வந்து உட்கார்ந்தார்.

இனிமேல் நகராட்சித் தலைவரையே பார்த்துவிடுவது என்று மெக்கானிக் முடிவு செய்தார். அதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. நகராட்சி அலுவலக லிஃப்டைப் பராமரிப்பது அவர் வேலை பார்த்த கம்பெனி. மாதம் ஒரு முறை அவரே போய் எண்ணெய் விட்டு வருவார். குடியிருப்பு லிஃப்ட் வேறு பிரிவில் வருவதால் அதற்கு அந்தக் கம்பெனிக்கு அதிகாரம் இல்லை. அந்த மாத எண்ணெய் வேலையை முடித்துக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு, தலைவரின் அறைக்குள் போனார்.

தலைவர் தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். மனைவியின் முழங்காலைப் பற்றிக் கேட்டு முகம் வாடினார். ஒரு ரிலேயும், கதவுக்கு ஒரு காண்டாக்டும், மூன்று மதியமும் இருந்தால் போதும், சம்பளம்கூட வேண்டாம், சாவியை மட்டும் கொடுத்தால் தானே சரிசெய்துவிடுவதாக மெக்கானிக் சொன்னார். தலைவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்.

"நீங்க தொழில் தெரிஞ்சவர். உங்களுக்குச் சொன்னா புரியும். பழுது பாக்கறதுன்னா என்ன அர்த்தம்? இத்தனை நாள் நாங்க தப்பு பண்ணிட்டோம்னு ஒத்துக்கறோம்னு அர்த்தம். அதையே வரலாறுன்னு வெச்சுக்கிட்டா, இத்தனை நாளா நாங்க அதைப் பாதுகாத்திருக்கோம்னு அர்த்தம். லிஃப்ட் ஒண்ணுதான். எதுல மக்களுக்குப் பெருமை, நீங்களே சொல்லுங்க."

மெக்கானிக் எண்ணெய்த் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நூல் வெளியீட்டு விழாவில் 'வாழும் சாட்சி' என்ற முறையில் அவர் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். மனைவியின் நிலையை நேரில் கண்டறிய வரலாற்று அலுவலரை அனுப்புவதாகவும் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அலுவலக லிஃப்ட் இரண்டாவது மாடியில் கொஞ்சம் குலுங்குவதாக வருத்தப்பட்டார். மெக்கானிக் போகும் வழியில் அதையும் சரிசெய்துவிட்டுப் போனார். கை அதுபாட்டுக்குச் செய்தது.

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் மதியம் வரலாற்று அலுவலர் நூற்றிரண்டு படிகளையும் ஏறி வந்து, கதவைத் திறந்ததும் பேச முடியாமல் நாற்காலியில் விழுந்தார். மெக்கானிக்கின் மனைவி தடியை ஊன்றிக்கொண்டு போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்த பிறகு அலுவலர் ஃபைலைத் திறந்தார்.

"நீங்க கீழ இறங்கி எத்தனை நாள் ஆச்சும்மா?"

"நாப்பத்திமூணு நாள்."

அலுவலர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அஞ்சு வருஷம் ஆகலையேம்மா. அப்படின்னா நீங்க இன்னும் புகாராத்தான் இருக்கீங்க. எங்க பிரிவுல உங்களை எடுத்துக்க வழி இல்ல."

"இன்னும் அஞ்சு வருஷம் இங்கயே உக்காந்திருந்தா?"

"தாராளமா எடுத்துக்கலாம். உங்க பேர்ல பலகையே வைக்கலாம்."

அந்த அம்மாள் காலி டம்ளரை எடுத்து வைத்தார். பிறகு, இறங்கும்போது மெதுவாக இறங்கச் சொல்லி, கைப்பிடி இரண்டாவது மாடியில் ஆடுகிறது என்று எச்சரித்து அனுப்பினார். அது ஆடி எத்தனை வருஷம் ஆகிறது என்று அலுவலர் நின்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் மெக்கானிக்கைக் கலக்கியது. அந்த அம்மாள் ஜன்னலருகே உட்கார்ந்து, ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் தையல் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மெக்கானிக் கீழே போய்க் காவலாளியின் பக்கத்தில் நின்றார்.

காவலாளிக்கும் ஒரு துயரம் இருந்தது. அவர் காவல் காக்க வேண்டியது தரைத்தளத்தில். ஆனால் லிஃப்டின் இயந்திரமும் மரபுச் சொத்து என்பதால், அதுவும் பத்திரமாக இருக்கிறதென்று காலையும் மாலையும் மொட்டை மாடி மிஷின் ரூமுக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அறுபத்திரண்டு வயதில் நாளுக்கு இரண்டு முறை. இடுப்பில் தொங்கிய சாவியைத் தடவிக்கொண்டே அவர் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் தினம் மதியம் ரெண்டு மணிக்கு டீ குடிக்கப் போவேன். திரும்பி வர நாலாகும். சாவியை எங்க வெச்சேன்னு எனக்கு அப்பப்ப மறந்துடும். இந்த ஸ்டூலுக்கு அடியிலதான் வெப்பேன்னு நினைக்கறேன்."

மெக்கானிக் மறுநாள் தொடங்கி மூன்று மதியம் வேலை செய்தார். ஒன்பது வருஷம் நின்ற லிஃப்டை ரிலேயை மட்டும் மாற்றி ஓட்டிவிடுகிற ஆள் அவர் இல்லை. இரும்புக் கயிற்றை இழை இழையாகத் துணியால் துடைத்துப் பார்த்தார். பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். கயிறு அறுந்தால் கூண்டைப் பிடித்து நிறுத்துகிற பாதுகாப்புக் கருவியை மூன்று முறை சோதித்தார். மோட்டாரின் மேல் கூடு கட்டியிருந்த புறா இரண்டு நாள் அவரோடு சண்டை போட்டுவிட்டு, மூன்றாம் நாள் குடும்பத்தோடு இடம் மாறியது. ரிலேயைத் தன் கைக்காசில் வாங்கியிருந்தார். அது உண்மையிலேயே தீப்பெட்டி அளவுதான். கடைசி நாள் எடைக்காக எட்டு மணல் மூட்டைகளை உள்ளே வைத்து, காவலாளி டீக்கடையில் இருந்த நேரத்தில், ஐந்தாவது மாடிவரை ஏற்றி இறக்கினார். மூட்டைகளைத் திரும்ப எடுத்துவிட்டு, கூண்டைத் தரைக்கு அரை அடி மேலே, பழைய நிலையிலேயே நிறுத்தினார். சிவப்புக் கயிற்றை முன்பு இருந்த மாதிரியே கட்டினார்.

விழா முடியட்டும், திங்கட்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் மெதுவாக ஆரம்பிக்கலாம் என்பது அவர் திட்டம். மனைவியிடம் அப்படித்தான் சொன்னார். ஞாயிறு அன்று பொத்தானைத் தொடவேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். அந்த அம்மாள் இரண்டு முறையும் தலையாட்டினார்.

விழா காலை பதினோரு மணிக்கு. சி பிளாக்கின் தரைத்தளத்தில், லிஃப்டுக்கு நேர் முன்னால் மேடை. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி அதன் குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். தலைவர் நாடாவை வெட்டி, கதவைத் திறந்து, உள்ளேயிருந்து முதல் பிரதியை எடுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்காக 'நம் குடியிருப்பு: வரலாறும் வசதிகளும்' என்ற நூலின் இருநூறு பிரதிகளையும் கட்டுக்கட்டாக லிஃப்டுக்குள்ளே அடுக்கியிருந்தார்கள். மெக்கானிக் முதல் வரிசையில், 'வாழும் சாட்சி' என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி ஒன்றை வாசலிலும், மாடியில் இருப்பவர்களும் பயன்பெறட்டும் என்று இன்னொன்றை ஐந்தாவது மாடியிலும் கட்டியிருந்தார்கள். ஐந்தாவது மாடி ஒலிபெருக்கி மெக்கானிக் வீட்டு ஜன்னலைப் பார்த்திருந்தது.

தலைவர் பேச எழுந்தார். மேடையில் அவர் வேறு தமிழ் பேசுவார்.

"பெரியோர்களே. மற்ற நகரங்களில் லிஃப்ட் ஓடுகிறது என்கிறார்கள். ஓடட்டும். எத்தனை நாளைக்கு ஓடும்? ஒரு நாள் நிற்கத்தானே போகிறது. மற்றவர்கள் இனிமேல் அடையப்போகும் அந்த நிலையை நாம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அடைந்துவிட்டோம். இந்த ஒன்பது ஆண்டுகளில் இந்த லிஃப்டில் ஒரு விபத்து உண்டா? மின்சாரம் ஒரு யூனிட் செலவு உண்டா? மக்கள் படியேறி உடலை உறுதியாக்கிக்கொள்ளட்டும் என்றுதான் நாம் இதைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று எங்களுக்குத்தான் தெரியும்."

கைதட்டினார்கள். தலைவர் கையை உயர்த்தினார்.

"நான் இந்தப் பொறுப்பில் இருக்கும் வரை இந்த லிஃப்ட் ஓர் அங்குலம்கூட நகராது என்று உங்கள் முன்னால் உறுதி அளிக்கிறேன்."

ஐந்தாவது மாடியில் மெக்கானிக்கின் மனைவி இதை முழுவதுமாகக் கேட்டார். அன்று காலையிலிருந்தே அவர் நல்ல புடவை கட்டிக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தார். தடியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, நடையின் கோடிக்கு நடந்து போய்ப் பொத்தானை அமுக்கினார்.

கீழே, தலைவரின் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் ஒரு முறை செருமியது. பிறகு இருநூறு பிரதிகளையும் சுமந்துகொண்டு மெல்ல மேலே கிளம்பியது. முன்வரிசையில் இருந்தவர்கள் வாய் பிளந்து கழுத்தை அண்ணாந்தார்கள். தன் பேச்சில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று நினைத்து, தலைவர் உறுதிமொழியை இன்னொரு முறை சொன்னார். வரலாற்று அலுவலர்தான் அவர் கையைத் தொட்டுத் திருப்பினார். மஞ்சள் நாடாவுக்குப் பின்னால் வெறும் குழிதான் இருந்தது. இரும்புக் கயிறு வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். இரண்டாவது மாடி தாண்டியது. நான்கு தாண்டியது. பிரேக் பிடித்தது, குலுக்கல் இல்லை. மேலே கம்பிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பவும் மோட்டார் ஓடியது. அவ்வளவு பேர் நடுவிலும் அவருக்குத் தன்னை அறியாமல் முதுகு நிமிர்ந்தது.

லிஃப்ட் கீழே வந்து இந்த முறை தரைக்குச் சரிசமமாக நின்றது. உள்ளே புத்தகக் கட்டுகளின் மேல், காலை நீட்டிக்கொண்டு, அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிரதி விரிந்திருந்தது. யாரும் அசையாததால் அவரே கம்பிக் கதவை உள்ளிருந்து இழுத்துத் திறந்தார். நாடாவைத் தடியால் தூக்கிக் குனிந்து வெளியே வந்தார்.

"பதினேழாம் பக்கத்துல இது ஓடாதுன்னு போட்டிருக்கீங்க," என்று சொல்லிப் புத்தகத்தைத் தலைவரிடம் நீட்டினார். தலைவர் வாங்கிக்கொண்டார். புகைப்படக்காரர் அதைத்தான் நூல் வெளியீடு என்று நினைத்துப் படம் எடுத்தார். பின்வரிசை ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்த அம்மாள் நேரே மெக்கானிக்கிடம் வந்தார். "நாப்பத்தெட்டு நாள் ஆச்சு, கொஞ்சம் வெளிய நடந்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கி அடிக்கல் பூங்காப் பக்கம் நடந்தார்.

மாடிப்படிக்கு அடியில் அவசரக் கூட்டம் நடந்தது. தலைவர், வரலாற்று அலுவலர், இரண்டு உதவியாளர்கள். மெக்கானிக்கையும் கூப்பிட்டார்கள். யார் இதைச் செய்தது என்று விசாரிப்பார்கள் என்று எதிர்பார்த்து அவர் உண்மையைச் சொல்லத் தயாராகத்தான் போனார். அவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. புத்தகம் அச்சாகிவிட்டதுதான் அவர்கள் கவலை. இருநூறு பிரதியிலும் பதினேழாம் பக்கம் இருந்தது.

"நீங்க அனுபவஸ்தர்," என்றார் தலைவர். மேடைத் தமிழ் போய்விட்டிருந்தது. "இதைப் பழையபடி ஓடாம பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

மெக்கானிக் இருபத்தாறு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

"பண்ணிடலாம் சார். ஆனா லிஃப்டுல கை வைக்கணும்னா முதல்ல யாராவது புகார் குடுக்கணும். லிஃப்ட் ஓடுதுன்னு எழுத்துல ஒரு புகார் வேணும்."

தலைவர் அலுவலரைத் திரும்பிப் பார்த்தார். அலுவலர் கையைப் பிசைந்தார். புகார் வாங்க இப்போது பிரிவு இல்லை என்றார். அப்படியானால் வரலாற்றுப் பிரிவே எடுத்துக்கொள்ளட்டும் என்றார் தலைவர். அதுவும் முடியாது, விதியில் இடம் இல்லை என்று அலுவலர் மெதுவாகச் சொன்னார்.

"ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷந்தான் சார் ஆகுது. அஞ்சு வருஷம் ஓடினாத்தான் நம்மகிட்ட வரும்."

தலைவர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்கும் வேறு வழி தெரியவில்லை. உட்கார்ந்தபடியே அவர் ஒரு தீர்மானத்தைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார்: சி பிளாக் லிஃப்ட் ஓடவில்லை, நூலில் உள்ளபடியே அது நிலைத்திருக்கிறது, இன்று அது ஓடியதாகக் கருதப்படுவது விழாவின் ஒரு பகுதி. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மெக்கானிக்கிடமும் 'வாழும் சாட்சி' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அவர் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார்.

ஓடாத லிஃப்டில் ஏறக்கூடாது என்று சொல்ல எந்த விதியும் இல்லாததால் அன்றிலிருந்து எல்லாரும் ஏறினார்கள். பி பிளாக், டி பிளாக் ஆட்கள் சும்மா ஏறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். காவலாளி மிஷின் ரூம் கையெழுத்தை நாளுக்கு நாலு முறை போட ஆரம்பித்தார். கடமை உணர்வு மிக்கவர் என்று அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மெக்கானிக்கை இப்போது யாரும் கேலி செய்வதில்லை. எதிரில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு ஃபேனையும் கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள்.

ஒண்ணாந்தேதி காலை மெக்கானிக்கின் மனைவி எட்டு மணிக்கே இறங்கி, பஸ் பிடித்து, கடைக்குப் போய், ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி வந்து பார்த்தபோது இரண்டு கால்சட்டைக்கு நீளம் குறைத்து முடித்திருந்தார்.

மாதக் கடைசியில் ஒரு நாள் அவர் வேலை முடிந்து வந்து லிஃப்டுக்குள் நின்றபோது, தோள்பையும் ஃபைலுமாக நகராட்சியின் புதிய ஆய்வாளர் ஒருவர் அவசரமாக ஓடி வந்து உள்ளே நுழைந்தார். எந்த மாடி என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அஞ்சும்மா. லிஃப்ட் ஓடலைன்னு மேல் மாடிக்காரங்ககிட்ட மாசாமாசம் கையெழுத்து வாங்கணும்."

"நான்தான் மேல் மாடி. இங்கயே போட்டுடறேன், குடுங்க."

ஆய்வாளருக்குச் சங்கடமாகிவிட்டது. "இதுக்குள்ள வேண்டாம்மா. முறைப்படி உங்க வீட்ல வெச்சுதான் வாங்கணும்."

சரி என்று அந்த அம்மாள் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, ஐந்தை அமுக்கினார்.